உங்களுக்குத் தெரியுமா? அந்தரத்திலிருந்து மேடைக்கு

★ சண்டை விளையாட்டு என்றால் திரையின் மேலே இரண்டு நீளப் பட்டைகள் இருக்கும். அடி விழ விழ அவை தேயும்; தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ வரிசையில் அந்தப் பட்டையே கிடையாது. அடி வாங்கினால் சதவீதம் ஏறும். சதவீதம் ஏற ஏற, அடுத்த அடி உங்களை இன்னும் தூரமாகத் தூக்கி எறியும். திரைக்கு வெளியே இருக்கும் எல்லையைத் தாண்டினால்தான் ஓர் உயிர் போகும். 150 சதவீதம் அடி வாங்கியவரும் மேடைக்குத் திரும்பிவிட்டால் ஆட்டத்தில் இருக்கிறார். அதனால் இதில் அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, திரும்பி வரவும் தெரிய வேண்டும். ஆட்டக்காரர்கள் அதை ‘ரெகவரி’ என்கிறார்கள். இந்த வாரப் பக்கம் முழுக்க அதற்கும், அதற்குக் கை கொடுக்கும் கால் வித்தைகளுக்கும்தான்.

★ இங்கே பேசப்போவது வரிசையின் இரண்டாவது விளையாட்டான ‘மெலீ’யைப் பற்றி. 2001 நவம்பர் 21 அன்று ஜப்பானில் கேம்கியூப் கருவிக்காக வெளிவந்தது. ஹால் லேபரட்டரி நிறுவனத்தில் மாசாஹிரோ சகுராய் இயக்கத்தில், ஏறத்தாழ 13 மாதங்களில் உருவானது. கடைசிக் கட்டத்தில் பிழைகள் மலைபோல் குவிந்தபோது, பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா தானே வந்து உட்கார்ந்து, 3 வாரம் நிரலைப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தார். அவசரத்தில் பிறந்த அந்த விளையாட்டுக்கு இன்றும் போட்டிகள் நடக்கின்றன.

★ மெலீயில் ஒரு நொடி என்பது 60 ஃப்ரேம். ஆட்டக்காரர்கள் நொடிக்கணக்கில் பேசுவதே இல்லை, ஃப்ரேம் கணக்குதான். கீழே வரும் எண்களை அந்த அளவுகோலில் படியுங்கள்: 6 ஃப்ரேம் என்றால் நொடியில் பத்தில் ஒரு பங்கு.

★ இந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற நகர்வு, நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒரு வழுக்கல்.

காற்றில் இருக்கும்போது எல் அல்லது ஆர் பட்டனை அழுத்தினால் வீரர் சிறிது நேரம் எந்த அடியும் படாதபடி விலகிக்கொள்வார். ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓர் உந்தலும் கிடைக்கும். இதற்குப் பெயர் ஏர் டாட்ஜ். கால் தரையை விட்டு எழுந்ததும் எழாததுமாக இருக்கும்போதே தரையை நோக்கிச் சாய்வாக இதைச் செய்தால் என்ன ஆகும்? கீழே போக இடமில்லை. மிஞ்சிய உந்தல் வீரரைத் தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு போகும். இதுதான் வேவ்டேஷ்.

ஃபாக்ஸ் என்ற வீரர் குதிக்கத் தயாராக 3 ஃப்ரேம் ஆகும். தரையில் பட்டபின் 10 ஃப்ரேம் எதுவும் செய்ய முடியாது. மொத்த வேலையும் கால் நொடிக்குள் முடிந்துவிடும். பவுசர் போன்ற பெருத்த உடம்புக்காரருக்குக் குதிக்கவே 8 ஃப்ரேம் வேண்டும்.

வழுக்குவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஓடும்போது வீரர் ஓடும் திசையைத்தான் பார்ப்பார். கையில் இருக்கும் அடிகளும் குறைவு. வழுக்கும்போது அவர் நிற்பதாகவே விளையாட்டு எடுத்துக்கொள்கிறது. எதிராளியைப் பார்த்தபடியே பின்வாங்கலாம். அவர் வீசிய அடி காற்றில் போன மறுகணம், நின்ற நிலையில் என்னென்ன அடி உண்டோ அத்தனையும் உங்கள் கையில் இருக்கும். முதன்முறை இதை ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் செய்யப் பார்த்தபோது, திரையில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அந்தப் பின்வாங்கலுக்குள் ஒரு தாக்குதல் ஒளிந்திருப்பது தெரிந்தது.

★ வேவ்டேஷ் ஒரு பிழை என்று பலரும் சொல்வதுண்டு. தயாரிப்பின்போதே இப்படி வழுக்க முடியும் என்று தெரியும் என சகுராய் 2008-ல் ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். ஏர் டாட்ஜுக்கும் தரைக்கும் எழுதிய விதிகள் இரண்டும் சேருமிடத்தில் தானாகப் பிறந்த நகர்வு இது. யாரும் தனியாக எழுதி வைத்ததில்லை என்பதே எனக்கு இதில் பிடித்த விஷயம்.

★ மிக நீளமாக வழுக்குபவர் லூயிஜி. அவருடைய காலணிக்கும் தரைக்கும் உராய்வு அவ்வளவு குறைவு. பீச் இளவரசியோ வழுக்கத் தொடங்கும்போதே நின்றுவிடுவார்.

★ ஏர் டாட்ஜின் கோணம் எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் வழுக்கலாம். கிடைக்கக்கூடிய மிகப் படுக்கையான சாய்வு, கிடைக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 17 டிகிரி கீழே. கேம்கியூப் கண்ட்ரோலரின் ஸ்டிக்கைச் சுற்றி எண்கோணமாக ஒரு வளையம் இருக்கும். அதன் எட்டு மூலைகளும் எட்டுத் திசைகளைக் காட்டுமே தவிர இந்தக் கோணத்தைக் காட்டாது. அதனால் சிலர் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தைச் சீவி, தங்களுக்கு வேண்டிய கோணங்களில் சின்னச் சின்னக் காடிகள் வெட்டிக்கொள்கிறார்கள். கட்டைவிரல் காடியைத் தடவினாலே போதும், கண் பார்க்க வேண்டியதில்லை.

★ டேஷ் டான்ஸ்: ஓட்டம் தொடங்கும் முதல் சில ஃப்ரேம்களுக்குள் எதிர்ப்பக்கம் ஸ்டிக்கை அடித்தால் வீரர் தயக்கமில்லாமல் திரும்பி ஓடுவார். இதையே விடாமல் செய்தால் இங்குமங்கும் ஊசலாடுவார். கபடியில் பாடிப் போகிறவர் காலை நீட்டுவதும் இழுப்பதுமாக எதிரணியைத் தூண்டுவாரே, அதே வேலைதான். எதிராளி பொறுமையிழந்து கையை நீட்டும் கணத்துக்கான காத்திருப்பு. மார்த் கையில் நீள வாளும் நீண்ட டேஷ் டான்ஸும் இருப்பதால், அவருக்கு முன்னால் நிற்பதே ஒரு சோதனை.

★ குதிப்பதிலும் இரண்டு வகை உண்டு. பட்டனை அழுத்திப் பிடித்தால் முழுக் குதிப்பு. கால் தரையை விடுவதற்குள் விரலை எடுத்துவிட்டால் குட்டைக் குதிப்பு. ஃபாக்ஸுக்கு இதற்குக் கிடைக்கும் அவகாசம் 3 ஃப்ரேம், அதாவது நொடியில் இருபதில் ஒரு பங்கு. புதிதாகப் பழகுபவர்கள் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

★ காற்றில் அடித்துக்கொண்டே தரையில் இறங்கினால் வீரர் சற்று நேரம் குனிந்து நிற்பார். அந்த நேரம் எதிராளிக்குக் கொண்டாட்டம். தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 ஃப்ரேமுக்குள் எல், ஆர், இஸட் பட்டன்களில் ஒன்றைத் தட்டினால் இந்த நேரம் பாதியாகும். ஃபால்கோவின் கீழ்நோக்கிய உதைக்கு 18 ஃப்ரேம் என்றிருப்பது 9 ஆகும். பெயர் எல்-கேன்சல்.

கேட்கும்போது சுலபமாகத் தெரியும். ஆனால் உதை எதிராளியின் மேலோ கேடயத்தின் மேலோ பட்டால், அந்த மோதலில் இருவரும் சில ஃப்ரேம் உறைந்து நிற்பார்கள். தரையைத் தொடும் நேரம் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். படாவிட்டால் தள்ளிப்போகாது. ஆகவே அடி படுமா படாதா என்று முன்கூட்டியே கணித்துத் தட்ட வேண்டும். தேர்ந்தவர்கள் ஓர் ஆட்டத்தில் எத்தனையோ முறை இதைச் செய்கிறார்கள்; பார்ப்பவருக்கு ஒரு தடவைகூடக் கண்ணில் படுவதில்லை.

★ 1999-ல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த முதல் ஸ்மாஷ் விளையாட்டிலும் இந்த வசதி இருந்தது. அதன் ஜப்பானிய அதிகாரபூர்வ விளக்கத்தில் ‘மென்மையான தரையிறக்கம்’ என்ற பொருளில் ஒரு பெயரே கொடுத்திருந்தார்கள்.

★ மெலீயில் அடி வாங்குபவர் சும்மா இருப்பதில்லை. என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் உயிரே இங்குதான்.

அடி விழுந்த கணத்தில் இரண்டு வீரர்களும் ஒரு துளி நேரம் உறைந்து நிற்கிறார்கள். உறைவு தீரும் அந்தக் கடைசி ஃப்ரேமில் உங்கள் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று விளையாட்டு பார்க்கிறது. பறக்கவேண்டிய பாதைக்குச் செங்குத்தாகச் சாய்த்திருந்தால் பாதை 18 டிகிரி வரை வளையும். டி.ஐ. என்று இதைச் சொல்வார்கள். பக்கவாட்டில் எறியப்படும்போது பாதையை மேல் மூலையை நோக்கி வளைத்தால், எல்லைக்குப் போகும் தூரம் கூடும். அதே அடி, அதே சதவீதம். ஒருவர் செத்துப்போகிறார், இன்னொருவர் திரை ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்று திரும்புகிறார்.

சிறிய அடிகளில் இதன் வேலை வேறு. ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பவர், நீங்கள் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்று ஊகித்தே அடுத்த அடியை வைக்க வேண்டும். நீங்கள் மாற்றி விழுந்தால் அவருடைய தொடர் அறுந்துவிடும். ஆக, காம்போ எனப்படும் அந்தத் தொடரை இருவரும் சேர்ந்தே எழுதுகிறார்கள்.

★ குனிந்தபடி அடி வாங்கினால் பறக்கும் வீச்சு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். சதவீதம் குறைவாக இருக்கும்போது அடித்தவரே ஆபத்தில் மாட்டிக்கொள்வதற்கு இது காரணம்.

★ தூக்கி எறியப்பட்டுத் தரையிலோ சுவரிலோ மோதுவதற்கு முந்தைய 20 ஃப்ரேமுக்குள் எல் அல்லது ஆர் அழுத்தினால் மோதலை உள்வாங்கி உடனே எழுந்துவிடலாம். இது டெக். பயத்தில் சீக்கிரமே அழுத்தி, பிறகு மறுபடி அழுத்தலாம் என்றால் முடியாது: ஒருமுறை அழுத்தினால் 40 ஃப்ரேமுக்கு அடுத்த அழுத்தல் கணக்கில் வராது. மேடைச் சுவரை ஒட்டி மேலேறி வரும்போது அடி வாங்கி, அதே சுவரில் டெக் செய்து பிழைக்கிறவர்களைப் பார்த்தால் கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

★ சரி, மேடையை விட்டு வெளியே எறியப்பட்டாயிற்று. கையில் என்ன இருக்கிறது? பெரும்பாலான வீரர்களுக்குக் காற்றில் ஒரு தாவல், அதன்பின் ‘அப்-பி’ என்ற மேலெழும் வித்தை ஒன்று. அப்-பி முடிந்ததும் வீரர் செயலற்று விழத் தொடங்குவார். வழியில் அடி பட்டால் அப்-பி திரும்பக் கிடைக்கும், தாவல் கிடைக்காது. இதனால் நல்ல எதிராளி முதலில் உங்கள் தாவலைத்தான் செலவழிக்க வைப்பார். தாவல் போனவரின் வழியைக் கணிப்பது எளிது.

★ லிங்க் இந்தக் கணக்கை ஏமாற்றும் விதம் அருமையானது. கையில் வெடிகுண்டோடு அப்-பி செய்து, செயலற்று விழும்போது அந்தக் குண்டு தன் மேலேயே வெடிக்கும்படி பார்த்துக்கொள்கிறார். அடி பட்டதும் அப்-பி புதிதாகக் கிடைத்துவிடும், மறுபடி எழலாம். நெஸ்ஸும் அப்படித்தான். தான் ஏவிய மின்னலைச் சுற்றிக் கொண்டுவந்து தன் முதுகிலேயே மோதவிட்டு மேடைக்குப் பறப்பார். சொந்த அடியை வாகனமாக்கிக்கொள்ளும் இந்த இருவரையும் பார்க்க எனக்கு அலுப்பதேயில்லை.

★ ஃபாக்ஸின் அப்-பி நினைத்த திசையில் பாயும். ஆனால் பாய்வதற்கு முன் ஏறத்தாழ 0.7 நொடி தீப்பிடித்தபடி அந்தரத்தில் நிற்கும். அந்த நேரம் முழுக்க எதிராளிக்கு யோசிக்க அவகாசம். மேடையின் மேல் பாய்வதா, விளிம்பைப் பிடிப்பதா, இன்னும் கீழிருந்து வளைவதா? பக்கவாட்டு வித்தையான ‘இல்யூஷன்’ வேகமானது. நடுவில் பி பட்டனைத் தட்டினால் நீளம் குறையும். எவ்வளவு குறைக்கப் போகிறார் என்பது தெரியாமல் விளிம்பில் காத்திருப்பவர் திணறுவார்.

★ மெலீயில் மேடை விளிம்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். எதிராளி மேலேறி வரும்போது நீங்கள் முந்திக்கொண்டு விளிம்பில் தொங்கினால், அவர் கை நீட்டியும் பிடி கிடைக்காமல் விழுந்துவிடுவார். ஓர் அடிகூட அடிக்க வேண்டியதில்லை. இன்னும் நுணுக்கமாக, விளிம்பிலிருந்து மேடைக்கு உருண்டு ஏறும்போதும் அந்த உருளல் முடியும்வரை விளிம்பு உங்கள் பெயரிலேயே இருக்கும். இதே வரிசையில் 2014-ல் வந்த விளையாட்டில் இந்த விதி மாறியது: பின்னால் வருபவர் பிடித்தால் முன்னவர் கை நழுவிவிடும். புதியவர்களுக்கு அது நல்லது. ஆனாலும் விளிம்புக்காக இருவர் ஒரே கணத்தில் பாயும் அந்தப் பதைபதைப்பு மெலீக்கே உரியது.

★ விளிம்பில் தொங்குபவருக்குச் சற்று நேரம் எந்த அடியும் படாது. கையை விட்டு, உடனே தாவி, அதே மூச்சில் மேடைமேல் ஏர் டாட்ஜ் செய்தால், அடி படாத அந்த நேரத்தின் மிச்சத்தோடு மேடையில் நிற்கலாம். பெயர் லெட்ஜ்டேஷ். ஓரிரு ஃப்ரேம் பிசகினால் ஏர் டாட்ஜ் வெளியே போய், செயலற்று விழுந்து ஓர் உயிர் போய்விடும். பெரிய போட்டிகளின் இறுதியாட்டத்திலும், கடைசி உயிரிலும், இதைத் துணிந்து செய்கிறார்கள்.

★ கீழே அடித்துத் தள்ளுவதிலும் சாதி உண்டு. 260 முதல் 280 டிகிரிக்குள், ஏறக்குறைய நேர் கீழாக விழும் அடியை மீட்டியர் என்பார்கள். சற்றுப் பொறுத்துத் தாவியோ அப்-பி செய்தோ அதை முறிக்கலாம். ஃபால்கோவும் மார்த்தும் காற்றில் கீழ்நோக்கி அடிப்பது அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. அது ஸ்பைக். அதற்கு முறிப்பு இல்லை.

★ ‘யோஷிஸ் ஸ்டோரி’ மேடையைச் சுற்றி ஒரு சின்ன மேகம் மிதந்துகொண்டிருக்கும். ரசிகர்கள் அதை ராண்டால் என்று அழைக்கிறார்கள். அது மேடையை ஒருமுறை சுற்ற சரியாக 20 நொடி. போட்டி ஆட்டத்துக்கு 8 நிமிடக் கடிகாரம் திரையில் ஓடுவதால், நொடியைப் பார்த்தே மேகம் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். விழுந்துகொண்டிருக்கும்போதும் கடிகாரத்தைப் படித்து, மேகத்தின் மேல் இறங்கிப் பிழைக்கிறவர்கள் உண்டு.

★ பீச் காற்றில் இரண்டரை நொடி அப்படியே மிதப்பார். ஸ்வீடனின் ஆடம் லிண்ட்கிரென், ஆட்டப் பெயர் அர்மாடா, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இந்த மிதப்பைப் பயன்படுத்தியே உலகின் உச்சிக்குப் போனார். ரெகவரிக்கென்று கொடுத்ததை அவர் தாக்குதலாக மாற்றிக்கொண்டார்.

★ ஜிக்ளிபஃப்பின் அப்-பி ஒரு தாலாட்டு. பாடினால் ஓர் அங்குலம்கூட மேலே எழாது. அதற்குப் பதிலாகக் காற்றில் 5 தாவல்கள். அதனால் மற்றவர்கள் போகப் பயப்படும் வெளியில் அது நிதானமாக மிதந்து போய், திரும்பி வருபவரை அடித்து அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வீடு திரும்பும். ஹங்ரிபாக்ஸ் என்ற ஹுவான் டெபியட்மா இதை வைத்துத்தான் 2017 முதல் 2019 வரை தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார்.

★ லூயிஜியின் பக்கவாட்டுப் பாய்ச்சல் 8-ல் 1 முறை தானாகவே வெடித்து, அவரைப் பல மடங்கு தூரம் வீசும். சிலநேரம் அது காப்பாற்றும், சிலநேரம் மேடையைத் தாண்டி மறுபுறம் கொண்டுபோய்த் தள்ளும்.

★ ஒரே கடையில் வாங்கிய இரண்டு கண்ட்ரோலர்கள் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் சட்டென்று திரும்பி ஓடலாம்; மற்றொன்றில் அதே விரலசைவுக்கு வீரர் மெல்லத் திரும்பி நிற்பார். ஸ்டிக் நடுப்பகுதியைக் கடக்கும் நேரத்தில் ஒரு ஃப்ரேம் வித்தியாசம், அவ்வளவுதான். நல்ல கண்ட்ரோலர் கிடைப்பது அதிர்ஷ்டம் என்றிருந்த நிலையை, 2017-ல் ரசிகர்களே எழுதிய ஒரு சிறு மென்பொருள் சமன் செய்தது. பணமும் அதிர்ஷ்டமும் இல்லாத ஆட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை என்பேன்.

★ போட்டி நடக்கும் மண்டபங்களில் இன்றும் பழைய குண்டு டிவிகளைத் தூக்கி வருகிறார்கள். தட்டைத் திரைகள் படத்தைக் காட்டச் சில ஃப்ரேம் தாமதிக்கலாம். 7 ஃப்ரேமுக்குள் தட்ட வேண்டியவருக்கு அது நஞ்சு. இணையத்தில் ஆடுவதும் இதனாலேயே பல காலம் கசந்தது. 2020 ஜூனில் ‘ஸ்லிப்பி’ வந்தபின் மாறியது. எதிராளி என்ன அழுத்துவார் என்று அது முன்கூட்டியே ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தவறினால் கண்ணிமைப்பதற்குள் பின்னோக்கிப் போய்த் திருத்திக்கொள்ளும். பெருந்தொற்றில் மண்டபங்கள் மூடிக் கிடந்த அந்த மாதங்களில், ஃபிஸ்ஸி என்ற பெயரில் இயங்கும் நிரலாளரின் இந்த உழைப்புதான் ஆட்டக்காரர்களை ஒன்றாக வைத்திருந்தது.

★ ஸ்மாஷ் வரிசையில் 2008-ல் வந்த ‘பிரால்’ விளையாட்டில் ஏர் டாட்ஜுக்குத் திசை இல்லை, வேவ்டேஷும் போயிற்று. விட்டுவிட மனமில்லாதவர்கள் தாங்களே விளையாட்டு உருவாக்கத் தொடங்கினார்கள். டான் ஃபோர்னேஸ் 2017-ல் முழுமையாக வெளியிட்ட ‘ரைவல்ஸ் ஆஃப் ஏதர்’ வேவ்டேஷை முறைப்படி வரவேற்று, விளிம்பைப் பிடிப்பதை அறவே நீக்கிவிட்டு, எல்லா வீரர்களுக்கும் சுவரில் உதைத்துத் தாவும் வசதி கொடுத்தது.

★ கடைசியாக யோஷி. அப்-பி அழுத்தினால் முட்டை எறியும், மேலே எழாது. மீதமிருப்பது ஒரே ஒரு தாவல். ஆனால் அந்தத் தாவலின்போது உடம்பில் கவசம்: ஓரளவு வரையிலான அடி பட்டாலும் அது வளையாமல் தொடர்ந்து வரும். எந்த அடியைத் தாங்கலாம், எந்த அடிக்கு முன் தாவ வேண்டும் என்று நூற்றுக்கணக்கான சூழல்களை மனப்பாடமாக வைத்திருந்தால் ஒழிய யோஷியை ஆட முடியாது. பலரும் தொடாமல் ஒதுக்கிய அந்த வீரரை ஜப்பானின் அம்சா பல ஆண்டுகள் விடாமல் ஆடினார். 2022 அக்டோபரில், விளையாட்டு வந்து ஏறத்தாழ 21 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் நடந்த ‘தி பிக் ஹவுஸ் 10’ போட்டியை சிவப்பு யோஷியோடு வென்றார்.